மடக்குக் கத்தியா, உறைக் கத்தியா? – நர்சரிக்காரர் பதில்கள்

போன இதழில் மாமரத்துக்கு இளந்தண்டு ஒட்டுக் கட்டுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒட்டை விட்டுவிட்டு, படத்தில் என் கையில் இருந்த கத்தியைத்தான் விசாரித்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்கக் கத்திதான். பெரியகுளம் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். காலையில் பட்டறைக் கொட்டகையைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் மோட்டாரை நிறுத்தும் வரை ஏதாவது ஒரு கத்தி என்னோடு இருக்கும். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

வாழையும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறேன். தினமும் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். என் மச்சான், "அதைத் தூக்கிப் போடு, உறையோடு சின்னக் கத்தி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொள்" என்கிறார். எது சரி? – விவசாயி, சின்னமனூர்

உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. வாழைத் தோட்டத்துக்கு மடங்காத கத்தி, அதுவும் சின்னதாக.

இதற்கு எல்லாரும் உறுதியைத்தான் முதல் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு முதல் காரணம் கழுவுவது. வாழைக்கறை வேட்டியில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதே கறை மடக்குக் கத்தியின் மூட்டுக்குள் இறங்குகிறது. அதோடு சருகுத் தூளும் செம்மண்ணும் சேர்ந்து காய்ந்தால் கத்தியை விரிப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள், பிடிக்குள் அலகு படுக்கிற பள்ளத்தில் கறுப்பாகப் பிசின் அப்பியிருக்கும். தண்ணீர் விட்டு அலசினால் அந்தத் தண்ணீர் ஸ்பிரிங்குக்கு அடியில் தங்கி, துருவாகிவிடும். மடங்காத கத்திக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வாய்க்காலில் ஒரு முக்கு, துண்டில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

கழுவுவது வெறும் சுத்தத்துக்காக மட்டும் இல்லை. மோகோ வாடல் மாதிரியான பாக்டீரியா நோய்கள் வெட்டுகிற கருவி வழியாகவும் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும். பூ ஒடிக்கவும் சருகு கழிக்கவும் ஒரே கத்தியோடு வரிசையாக நடக்கிறீர்கள். அலகைத் துடைத்து மருந்தில் முக்கிவிடலாம். மூட்டுக்குள் பதுங்கிய சாற்றை மருந்து எட்டுவது கஷ்டம்.

அடுத்தது உங்கள் விரல்கள். சாதாரண மடக்குக் கத்தியில் அலகை நிறுத்தி வைப்பது ஒரு ஸ்பிரிங் மட்டும்தான். இழுத்து வெட்டும்வரை பிரச்சினை இல்லை. தண்டுக்குள் முனை மாட்டிக்கொண்டு, நீங்கள் அதை அசைத்து எடுக்கும்போது முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தால் அலகு மடங்கும். மடங்கும் இடத்தில் உங்கள் ஆள்காட்டி விரல் இருக்கிறது. பூட்டு வைத்த மடக்குக் கத்திகள் இதைவிட மேல்தான். ஆனால் அந்தப் பூட்டுக்குள்ளும் மண் புகும், மண் புகுந்த பூட்டு முழுதாக விழாது. கறை பட்டு வழுக்குகிற கையால் அதை மூட வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

என்ன அளவு? அலகு மூன்று, மூன்றரை அங்குலம் போதும். சொட்டுநீர்க் குழாய், பிளாஸ்டிக் கயிறு, உர மூட்டை, வாழைப்பூ என்று நீங்கள் நாளெல்லாம் வெட்டுகிற எதற்கும் அதற்கு மேல் தேவையில்லை. தார் வெட்டத் தனியாக அரிவாள் இருக்கிறது. அலகு சின்னதாக இருந்தாலும் பிடி சின்னதாக இருக்கக் கூடாது. நாலு விரலும் அதில் உட்கார வேண்டும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாதியில் நிற்கிற காம்பு ஒருநாள் கழன்று கையோடு வரும்.

கடைக் கத்தி வேண்டுமென்றால் சுவீடனின் மோராக் கத்தியைத் தேடிப் பாருங்கள். மோரா என்பது அங்கே ஓர் ஊர், தச்சரும் விவசாயியும் இடுப்பில் வைத்துக்கொள்கிற கத்திக்குப் பேர் போனது. அலகு சுமார் பத்து செ.மீ. இருக்கும், மெல்லியது, பிளாஸ்டிக் உறையோடு வரும். நம்மூர்க் கொல்லரிடம் அடித்து வாங்குவதானால் ஒன்று கவனியுங்கள். அவரிடம் கிடைப்பது பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டை. அரிவாளுக்கு அது அருமையான இரும்பு, ஆனால் தடிமன் அதிகம். சின்னக் கத்திக்கு அதை நன்றாகத் தட்டி மெலிதாக்கித் தரச் சொல்லுங்கள். முதுகு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் அது தண்டைப் பிளக்கும், அறுக்காது. இரும்பறுக்கிற மெஷின் ஆக்ஸா பிளேடை உடைத்துச் செய்கிற கத்தியும் உண்டு. கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் கெட்டியான இரும்பு, நெம்பினால் பட்டென்று ஒடியும்.

இனி உறை. மடங்காத கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கத்தியைத் துணியில் சுற்றி மடியில் செருகுகிறார்கள், இல்லையென்றால் செய்தித்தாளில் மடித்துப் பையில் போடுகிறார்கள். உறை இல்லாவிட்டால் நான் மடக்குக் கத்தியின் பக்கம் போய்விடுவேன். அதையாவது மடக்கி வைக்கலாம்.

தோல் உறை பார்க்க அழகு. வாழைத் தோட்ட ஈரத்தில் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு அலகைத் துருப்பிடிக்க விடும். நான் என் ஆட்களுக்கெல்லாம் பி.வி.சி. குழாயில்தான் உறை செய்து கொடுக்கிறேன். ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலக் குழாயில், அலகைவிட இரண்டு அங்குலம் நீளமாக ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். நெருப்பில் காட்டாதீர்கள், கருகினால் வருகிற புகை கெடுதி. அகலப் பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அதில் முக்குங்கள். சில நிமிடத்தில் குழாய் இளகும். இடுக்கியால் எடுத்து, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துத் தட்டையாக்குங்கள். தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிய கத்தியை உள்ளே விட்டு மறுபடி கொதிநீர், மறுபடி பலகை. ஆறினால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். தாளை உருவி எடுத்தால் அலகு போய்வரச் சரியான இடைவெளி கிடைக்கும். முனைப் பக்கத்தை அழுத்தி ஒட்டி, தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை போடுங்கள். பிடியின் கழுத்து வருகிற இடத்தைக் கொஞ்சம் இறுக்கமாக விட்டால், குனிந்தாலும் கத்தி நழுவாது. தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். விழுந்தால் இன்னொரு முறை கொதிநீரில் முக்கி இறுக்க வேண்டும்.

எங்கே கட்டுவது? வேட்டி, கைலி கட்டுகிறவர்களுக்குப் பச்சை பெல்ட்டைவிட நல்ல இடம் இல்லை. வலது கைக்காரர் என்றால் வலப்பக்கம், இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் பின்னால். நேர் முன்னால் வைத்தால் குனியும்போது உறை தொடையில் முட்டும். டூ வீலரில் ஏறும் முன் கத்தியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். கீழே விழுகிற நேரத்தில் அது உடம்போடு இருக்கக் கூடாது.

கோத்தகிரியில் இருக்கிறோம். மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று வைத்திருக்கிறேன். டிசம்பர் வந்தால் திறக்கவே முடிவதில்லை. தேங்காய் எண்ணெய் விட்டும் பலனில்லை. – இல்லத்தரசி, கோத்தகிரி

அம்மா, எண்ணெய்தான் பாதிக் காரணம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். உங்கள் ஊரில் டிசம்பரில் அது மூட்டுக்குள் மெழுகாகத்தான் இருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு முழுக்கக் கழுவி, வெயிலில் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அந்தக் கத்தியிலேயே பழமும் நறுக்குவீர்கள் என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் விடுங்கள்.

மீதிப் பாதி மரம். ஈரக் காற்றில் மரம் ஊதி அலகை நெருக்குகிறது. பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890-லிருந்து வருகிற ஒப்பினெல் கத்திக்கும் பிடி மரம்தான். அங்கே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் அடிப்பக்க நுனியை மேசை விளிம்பில் 'டொக்'கென்று தட்டினால் அலகு நகம் மாட்டுகிற அளவுக்கு வெளியே வரும், அப்புறம் இழுத்துத் திறக்கலாம். வெயில் காலத்தில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பிடியின் உட்பள்ளத்தில் தேன்மெழுகை உருக்கி லேசாகத் தடவி வையுங்கள், அடுத்த மழைக்கு இவ்வளவு ஊதாது. கழுவுகிறேன் என்று மரப்பிடியைத் தண்ணீரில் ஊறப்போட மட்டும் வேண்டாம்.

எலுமிச்சைக்கு ஒட்டுக் கட்டுகிறேன். ஒட்டுக் கத்தி என்றாலே மடக்குக் கத்தியாகத்தான் கிடைக்கிறது. வாழைக்குச் சொல்கிற நியாயம் இதற்கும் பொருந்தாதா? – நாற்று உற்பத்தியாளர், புளியங்குடி

நல்ல கேள்வி. ஒட்டுக் கத்தி மடக்கு வகையாக வருவதற்குக் காரணம் உண்டு. அதன் வாய் சவர பிளேடு போல இருக்க வேண்டும். உறைக்குள் போகும்போதும் வரும்போதும் அந்த வாய் எதிலாவது உரசும். மடக்கு வகையில் வாய் பிடிக்குள் காற்றில் நிற்கிறது, எதையும் தொடாது. தவிர ஒட்டுக் கட்டும்போது உட்கார்ந்த இடத்தில் நிதானமாகத்தான் வேலை. நெம்புவதோ முறுக்குவதோ இல்லை, விரலில் மடங்குகிற பயமும் குறைவு. எனவே ஒட்டுக்கு மடக்குக் கத்தியே இருக்கட்டும். ஆனால் அது ஒட்டுக்கு மட்டும்தான். ஒட்டுத் துணி அறுக்க, பாலித்தீன் பை கிழிக்க, டீ குடிக்கப் போகிற இடத்தில் பொட்டலம் பிரிக்க எல்லாம் இடுப்பில் இருக்கிற மற்றக் கத்தி. என் நர்சரியில் ஒட்டுக் கத்தியால் கயிறு அறுத்தால் எனக்குக் கோபம் வரும், ஆட்களுக்கும் அது தெரியும்.

வாங்கும்போது அலகின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம் மட்டுமே சரிவு இருக்க வேண்டும், மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் குச்சியில் படிந்து போனால்தான் வெட்டு கண்ணாடிபோல நேராக விழும். நேராக விழுந்த இரண்டு முகங்கள்தான் இடைவெளியில்லாமல் ஒட்டும். இடது கைக்காரருக்குச் சரிவு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். அப்படிச் செய்த கத்தி தனியாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். வலது கைக் கத்தியைக் கொடுத்துவிட்டு "உனக்குக் கை வரவில்லை" என்று ஓர் ஆளைத் திட்டுவது அநியாயம்.

எலுமிச்சை வகையில் நோய் விஷயத்தில் வாழையைவிட உஷாராக இருங்கள். எக்ஸோகார்ட்டிஸ் என்ற வைராய்டு கத்தியில் ஒட்டிக்கொண்டே மரம் விட்டு மரம் போகும். வைரஸைவிடச் சின்னது, ஆனால் கெட்டி. ஸ்பிரிட்டில் துடைப்பதையோ நெருப்பில் காட்டுவதையோ நம்ப முடியாது. சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் கரைசலில் முக்க வேண்டும். தாய்மரம் மாறும்போதெல்லாம் முக்குங்கள். பிளீச் இரும்பை அரிக்கும் என்பதால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். மடக்குக் கத்தியானால் அலகை மட்டும் முக்குங்கள், மூட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருவைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் ஒட்டுக்கு மட்டும் கழற்றி மாட்டுகிற பிளேடு வைத்துக்கொள்கிறார்கள். அதிலும் தவறில்லை.

வாரக் கடைசியில் இரவு பஸ்ஸில் ஊருக்குப் போவேன். பாதுகாப்புக்கு ஒரு கத்தி வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சட்டென்று எடுக்க எது வசதி? – கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, அந்த வேலைக்கு எந்தக் கத்தியும் வேண்டாம். பஸ்ஸில் ஒருவன் வம்புக்கு வந்தால் இறங்கிவிடலாம், கண்டக்டரைக் கூப்பிடலாம், 112-க்குப் போன் போடலாம். நீங்கள் கத்தியை எடுத்த நிமிடத்தில் இது எதுவும் இல்லாமல் போய்விடுகிறது. எதிராளி பயப்படுவான் என்று நினைக்கிறீர்கள். அவன் உங்கள் கையைப் பிடித்து முறுக்கினால் கத்தி யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. பழகாத கையில் இருக்கிற கத்தி முதலில் அந்தக் கையைத்தான் வெட்டும். இதை நான் உங்கள் மேல் இருக்கிற அக்கறையில் சொல்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த பொருட்களை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் கீழ் வந்த விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அதிலும் வீடு, விவசாயம், தொழில் போன்ற வேலைகளுக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பட்டனைத் தட்டினால் விரிகிற கத்திகளை இன்னும் கடுமையாகப் பார்ப்பார்கள். தில்லியில் 1980-லேயே, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டுகிற அந்த வகைக் கத்திகளை அறிவிக்கை போட்டுக் கட்டுப்படுத்திவிட்டார்கள். நம்முடையது சின்னக் கத்திதானே என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். கத்தியைக் காட்டி ஒருவரை மிரட்டினால் அதன் நீளத்தை யாரும் அளக்க மாட்டார்கள், அது தனிக் குற்றம். தோட்டத்திலிருந்து வருகிற விவசாயியின் இடுப்பில் உறையோடு இருக்கிற கத்திக்கு ஒரு வேலை இருக்கிறது, கேட்டால் சொல்லலாம். இரவு பஸ்ஸில் போகிற மாணவரிடம் போலீஸ் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். ஆபீஸ் போகும்போது கைப்பையில் சின்ன மடக்குக் கத்தி எப்போதும் இருக்கும். இப்போது மெட்ரோவில் போக வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்? – வங்கி ஊழியர், சென்னை

வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மெட்ரோ வாசலில் பையை ஸ்கேனரில் விடுவார்கள், கூர்மையான பொருளுக்கு அனுமதி இல்லை. விமானத்தில் கையோடு கொண்டுபோகவும் முடியாது, செக்-இன் பெட்டியில் போட்டால் போகும். ஊருக்குள் புழங்குகிறவருக்கு மடக்குக் கத்திதான் ஏற்றது என்பேன். மற்றவர் கண்ணை உறுத்தாது, பைக்குள் எதையும் கிழிக்காது. ஆனால் ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றுதான். மாடித்தோட்டக் கத்தி மாடியிலேயே ஓர் ஆணியில் தொங்கட்டும்.

இன்னொன்று. தக்காளிப் பக்கக் கிளையைக் கத்தியால் வெட்டாதீர்கள். தேமல் நோய் வைரஸ் சாறு வழியாகப் பரவும். சோப்பு போட்டுக் கழுவிய விரலால் கிள்ளுவதே நல்லது.

மகன் லண்டனில் படிக்கிறான். நம் கொல்லர் அடித்த சின்ன உறைக் கத்தி ஒன்றை அவனுக்கு அனுப்ப ஆசை. – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

அனுப்ப வேண்டாம் ஐயா. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது ஒரே ஒரு வகைதான். அலகு மடங்க வேண்டும், வெட்டும் வாய் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பூட்டு இருக்கக் கூடாது. பூட்டிக்கொள்கிற மடக்குக் கத்தியை மடங்காத கத்திக் கணக்கில்தான் நீதிமன்றங்கள் சேர்த்திருக்கின்றன. அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு என்பதை அப்படி ஒரு காரணமாக ஏற்க மாட்டார்கள். நம் ஊரில் மாங்காய் நறுக்குகிற கத்தி அங்கே பையனை வழக்கில் மாட்டிவிடும்.

பழம் நறுக்க வேண்டுமென்றால் விக்டோரினாக்ஸின் பூட்டு இல்லாத சின்ன மடக்குக் கத்தியை அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கார்ல் எல்செனர் என்பவர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் ஈபாக்கில் தொடங்கிய பட்டறை அது. விடுதிக்கென்று தனி விதி இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளட்டும். கொல்லர் அடித்த கத்தியை அவன் ஊருக்கு வரும்போது கையில் கொடுங்கள்.

தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்த பிறகு என் கத்தி இரண்டே நாளில் மழுங்குகிறது. முன்பு இப்படி இல்லை. – பூக்கடைக்காரர், திண்டுக்கல்

கத்தி வாயை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் நீலம் ஓடியிருந்தால் சாணைக் கல்லில் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். சாதாரணக் கரி இரும்பு சுமார் 300 டிகிரியில் அந்த நிறத்துக்கு வரும். அதற்குள் தோய்ச்சல், அதாவது கொல்லர் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கெட்டித்தன்மை, இறங்கி இரும்பு மெத்தென்று ஆகியிருக்கும். மெஷின் ஆக்ஸா பிளேடில் செய்த கத்திக்கு இந்தப் பயம் இல்லை, அந்த இரும்பு பெருஞ்சூட்டையும் தாங்கும். அதனால் உங்களுடையது எந்த இரும்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நீலம் பட்ட இடம் முழுவதும் தேய்ந்து போகும்வரை தண்ணீர்க் கல்லில் தீட்டினால் பழைய இரும்பு மறுபடி வெளியே வரும், கத்தி பழையபடி நிற்கும். இனி சாணைக்காரர் வந்தால், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்து, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை முக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முகம் சுளிக்காமல் செய்வார்கள். சுளிப்பவரிடம் அரிவாளை மட்டும் கொடுங்கள், சின்னக் கத்தியை நீங்களே கல்லில் தீட்டிக்கொள்ளுங்கள்.